சிம் போட முடியாத டேப்லெட்டும் வட்டியில்லாத் தவணையும்

பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். வயது 39. கணவர் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். இவர் சேலைகளை மொத்தமாக எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு, ஸ்கூட்டியில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்கிறார். பணம் பெரும்பாலும் யுபிஐ-யில்தான் வருகிறது. மகள் தருமபுரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் குரூப் 4 தேர்வுக்கான வகுப்புகளை வீடியோவில் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அதற்காக ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு கடையில் 9,500 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் சிம் போட இடமே இல்லை. வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். கடையில் கேட்டால், பில்லில் உள்ள 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டுகிறார்கள். வேண்டுமானால் 5ஜி போன் ஒன்றை வட்டியில்லாத் தவணையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உறவுக்காரப் பையன் பாக்கெட் வைஃபை வாங்கச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் தன் உறவினரிடமிருந்து வந்த போனை, பில் இல்லாமல், 5,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கையில் இருப்பது 10,000 ரூபாய். "இன்னொரு தடவை ஏமாற எங்களிடம் பணம் இல்லை. எதை வாங்குவது? டேப்லெட் பணம் போனது போனதுதானா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரிக்கு,

நான் தருமபுரியில் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். உங்கள் கேள்வியில் பாதி சட்டம், பாதி கருவி. இரண்டையும் பிரிக்க முடியாது. தவறான பொருளை வாங்கிவிட்டு என்னிடம் வருகிறவர்களில் பலர், வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் வர வேண்டியே இருந்திருக்காது. அதனால் இனி வாங்கப்போவதை முதலில் பேசிவிடுவோம். டேப்லெட் பணம் போனது போனதுதான் என்று இப்போதைக்கு எண்ணாதீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

கருவிக்கு முன் சிக்னல்

'5ஜி போன் வாங்கினால் சிக்னல் பிரச்சினை தீரும்' என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. சிக்னலைத் தருவது டவர். உங்கள் ஊருக்கு 5ஜி வரவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய 5ஜி போனும் அங்கே 4ஜி போன்தான். இன்னொன்று, அலைவரிசை குறைவாக இருந்தால் சிக்னல் அதிக தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அப்படிப்பட்டவை. 2300, 3500 மெகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், தூரம் குறைவு. மேடும் பள்ளமும் காடுமாக இருக்கும் பென்னாகரம் பக்கத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆகவே ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். உங்கள் தெருவில் வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருப்பவர்களின் போனைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கி, வீட்டுக்குள், குறிப்பாக மகள் உட்கார்ந்து படிக்கும் இடத்தில், இரவு எட்டு மணிக்கு ஒரு வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். காலையில் வேகமாக இருக்கும் டவர், ஊரே போனைக் கையில் எடுக்கும் அந்த நேரத்தில் படுத்துவிடும். மகள் பஸ்ஸில் போகும்போது இண்டூர் வரை எப்படி, இண்டூரிலிருந்து தருமபுரி வரை எப்படி என்று கவனிக்கட்டும். கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் வேறு வேறு சிம் இருக்கும். நிறுவனங்கள் எந்த ஊரில் எந்தச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதையும் பாருங்கள். ஆனால் வரைபடத்தைவிட பக்கத்து வீட்டுப் போனை நம்புவேன்.

பிஎஸ்என்எல்லையும் சேர்த்துப் பாருங்கள். அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கி வைக்கப்பட்டது. அது 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறது. சில பழைய போன்கள் அந்த அலைவரிசையைப் பிடிக்காது, அதனால் உங்கள் போனில் சிக்னல் இல்லை என்பதை வைத்து டவரே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

நல்ல சிக்னல் வேறு நிறுவனத்துக்குத்தான் என்றால் நம்பரை மாற்றாமலே மாறலாம். போர்ட் (PORT) என்ற ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளி விட்டு உங்கள் நம்பரையும் 1900-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். மாறும்போது ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் ரீசார்ஜ் போய்விடும், அதனால் வேலிடிட்டி முடியும் சமயம் பார்த்து மாறுங்கள். சேலை வாங்குகிறவர்கள் எல்லாரிடமும் இருப்பது உங்கள் அந்த நம்பர்தான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பாக்கெட் வைஃபை தேவையா?

உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பையன் சொல்வதில் தப்பில்லை, சிறிய பெட்டி, சிம் போட்டால் நாலைந்து கருவிகளுக்கு நெட் கொடுக்கும். ஒரே இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்தால் நல்லது. நீங்களோ காலையில் ஆளுக்கு ஒரு திசையில் போகிறீர்கள். பெட்டி மகளோடு போனால் உங்களுக்கு நெட் இல்லை, உங்களோடு இருந்தால் அவளுக்கு இல்லை. அதற்கு ஒரு தனி சிம், தனி ரீசார்ஜ், தனி சார்ஜர். சில பெட்டிகள் விற்கும் நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். அதே வேலையை எந்த ஸ்மார்ட்போனும் ஹாட்ஸ்பாட் மூலம் செய்யும்.

ரீசார்ஜ் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை. 28 நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் ஒரு சிம்முக்கு ஆண்டுக்கு 3,900. கூடுதலாக ஒரு கருவிக்கு ஒரு சிம் வாங்கினால், கருவியின் விலையைவிட அந்த ரீசார்ஜ்தான் இரண்டு வருடத்தில் பெரிய செலவு. டிராய் 2022 ஜனவரியில் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும். கடையில் தானாகக் காட்ட மாட்டார்கள். கேளுங்கள்.

வகுப்பு வீடியோவைப் பெரிய படத்தில் பார்க்கத் தேவையில்லை. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய முக்கால் ஜிபி முதல் ஒரு ஜிபிக்குள் முடியும். பெரிய தரத்தில் வைத்தால் இரண்டு மூன்று மடங்கு போகும். முதல் நாள் இரவே வீட்டில் டவுன்லோடு செய்து வைத்தால் பஸ்ஸில் சிக்னல் விட்டுப்போகும் இடங்களில் வகுப்பு நிற்காது. அன்றைய டேட்டாவில் மிச்சமிருப்பதும் வீணாகாது.

அப்படியென்றால் எதை வாங்குவது? மகளுக்கு, பில்லோடும் வாரன்டியோடும், 10,000 ரூபாயை ஒட்டி ஒரு புதிய சாதாரண போன். அதை டேப்லெட்டுக்கு ஹாட்ஸ்பாட்டாகத் திறந்துவிட்டால் வீட்டில் டேப்லெட்டில் பெரிய திரையில் படிக்கலாம், பஸ்ஸில் போனிலேயே பார்க்கலாம். உங்கள் போன் அரை நாளுக்குமேல் சார்ஜ் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதுப் போன் தேவையில்லை, பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சத்துக்குள் முடியும்.

அந்த விலையில் 5ஜி போன்களும் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை. 5ஜி-யில் இரண்டு வகை உண்டு. ஜியோ தனித்து இயங்கும் வகையைப் பயன்படுத்துகிறது. ஏர்டெல் 4ஜி-யோடு சேர்ந்து இயங்கும் வகையில் தொடங்கியது. 2024-ல் வந்த சில மலிவு விலை 5ஜி போன்கள் முதல் வகையை மட்டுமே பிடிக்கும். அதனால் எந்த சிம் என்று முதலில் முடிவு செய்து, அந்த சிம்மைக் கடையிலேயே போட்டு, 5ஜி சிக்னல் உள்ள இடத்தில் காட்டச் சொல்லுங்கள். '5ஜி அன்லிமிடெட்' என்பதும் பொதுவாகத் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களோடுதான் வருகிறது. ஊரில் 5ஜி இல்லாதபோது அந்தத் திட்டத்துக்குக் கூடுதல் பணம் கட்டுவதில் பயனில்லை.

வாங்குவதற்கு முன் மகளின் கல்லூரியிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. மகளின் முறை எப்போது என்று தெரிந்தால், இப்போது எவ்வளவு செலவழிப்பது என்பது எளிதாகிவிடும்.

வட்டியில்லாத் தவணை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல குடும்பங்கள் இதில்தான் மாட்டுகின்றன. கடைக்காரர் சொன்ன கணக்கை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ரொக்கம் கொடுத்தால் 16,500. தவணை என்றால் மாதம் 3,000 வீதம் ஆறு மாதம், முன்பணம் இல்லை, வட்டி இல்லை. பிராசஸிங் கட்டணம் 500. ஸ்கிரீன் பாதுகாப்புக்கு 1,200.

கூட்டிப் பாருங்கள். தவணை 18,000, கட்டணம் 500, பாதுகாப்பு 1,200, மொத்தம் 19,700. ரொக்க விலையைவிட 3,200 அதிகம். ஸ்கிரீன் பாதுகாப்பை விட்டுவிட்டாலும் 2,000 அதிகம். ஆறே மாதத்தில், அதுவும் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் கடனுக்கு, இதை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போவதுதான் இங்கே வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

உங்கள் மகளிர் குழுவின் உள்கடன் வட்டியோடு இதை ஒப்பிடுங்கள். குழுவில் வாங்குவது வெட்கமில்லை, பெரும்பாலும் அதுவே மலிவாக இருக்கும்.

அப்படியும் தவணைதான் என்றால், கையெழுத்துக்கு முன் 'முக்கிய விவர அறிக்கை' கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு அதைத் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கடை ஊழியர் உங்கள் போனை வாங்கி அவரே விரலால் தட்டித் தட்டி ஓடிபி போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. கொடுக்காதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் பணம் எடுக்க அனுமதி கொடுக்கிறீர்கள், தவணை தவறினால் அபராதம் எவ்வளவு, போனைப் பூட்டும் செயலி ஏதாவது போடுகிறார்களா என்று கேளுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கியும் கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவரும் பிடிப்பார்.

பில் இல்லாத பழைய போன்

"தெரியாமல் வாங்கினால் தப்பில்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி உண்மை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 317-வது பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பில் இல்லை, விலை வழக்கத்தைவிட மிகக் குறைவு, யாருடையது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால், 'நம்பக் காரணம் இருந்தது' என்று வாதாட அதுவே போதும். வழக்கே வராவிட்டாலும் போலீஸ் போனை எடுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் 5,000 திரும்பாது.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அதனால் சண்டையில்லாமல் சோதிக்க வழி சொல்கிறேன். போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422-க்கு அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள எண், செல்லாதது என்று வந்தால் அந்த நிமிடமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரியாக வந்தால், முதலில் வாங்கியவரின் பில்லும், அவர் விற்றதாக ஒரு கையெழுத்துத் தாளும் கேளுங்கள். பழைய கூகுள் கணக்கை உங்கள் கண்முன் நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பின்னால் போன் பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் முடியாது என்றால் அந்தப் போனும் வேண்டாம்.

டேப்லெட் பணம்

இப்போது உங்கள் மனதை அறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் சட்டம் ஓய்ந்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை.

ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: உங்கள் டேப்லெட் குறையுள்ள பொருள் அல்ல. அது நன்றாகவே வேலை செய்கிறது, உங்களுக்கு வேண்டியதை மட்டும் செய்யவில்லை. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இல்லை. ஆகவே அந்த 30 நாள் விதியை நம்பிப் போனால் தோற்பீர்கள்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு முதல் நாள் கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் படத்தை இணைத்திருக்கிறீர்கள். "அண்ணா, இதுல நெட் வருமா?" என்று மட்டும் கேட்டிருந்தால், "வரும்" என்ற பதில் பொய்யில்லை, வைஃபையில் நெட் வருமே என்று அவர் தப்பித்துக்கொள்வார். நீங்களோ அடுத்த வரியில் "பாப்பா பஸ்ஸுல போறப்ப கிளாஸ் பாக்கணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அவர் "தாராளமா பாக்கலாம்மா" என்று பதில் போட்டிருக்கிறார். இந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு. எதற்காக வாங்குகிறீர்கள் என்று தெரிந்தபின், அதற்குப் பயன்படும் என்று தவறாகச் சொல்லி விற்பதும் அதே சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறைதான்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். பேட்டரி மாற்றக் கொடுக்கும்போதும், அதற்கு முன் வாட்ஸ்அப்பை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. எதிர்த் தரப்பு மறுத்தால் மூலம் இருக்கும் கருவியையும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றையும் கேட்பார்கள்.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். முழுப் பணத்தையும் கேட்டு வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் தருமபுரிக்கு நாலைந்து முறை வந்து போகும் பஸ் செலவு, அந்த நாட்களில் போகும் வியாபாரம், இடையில் விலை இறங்கிக்கொண்டே போகும் டேப்லெட், எல்லாம் உங்கள் பக்கம்தான் விழும். அதனால் முதலில் மாற்றிக் கேளுங்கள். சிம் போடும் டேப்லெட்டையோ மகளுக்கான போனையோ அதே கடையில் எடுத்துக்கொள்கிறோம், இதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று. கடைக்காரருக்கும் இது கௌரவமான வழி. ஒப்புக்கொண்டால் உங்கள் 10,000-ல் பெரும்பகுதி கையிலேயே நிற்கும்.

வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: வாங்கிய தேதி, பில் எண், வாட்ஸ்அப்பில் நீங்கள் கேட்டது, அவர் சொன்னது, உங்களுக்கு வேண்டியது, 15 நாள் அவகாசம். ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதே சமயம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து, அந்தப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே பேசலாம். டேப்லெட்டைக் கீறல் விழாமல், பெட்டியோடு, சார்ஜரோடு வைத்திருங்கள். 15 நாள் முடியும்வரை மகள் அதைப் பயன்படுத்தாமல் இருந்தால் நல்லது. புதுப் போனையும் அதுவரை வாங்க வேண்டாம், சிக்னல் பார்க்கும் வேலைக்கு அந்த நாட்கள் சரியாக இருக்கும்.

கடையிலிருந்து பதில் வரவில்லை என்றால் அஞ்சல் ரசீதின் நகலோடு மறுபடி எழுதுங்கள். ஆணையத்துக்கான புகார் மனுவை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பினால் போதும், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.